மணி சரி, அளவு பிழை: அபாகஸ் பழகிய ஒரு தரம் 3 பிள்ளையின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

யாழ்ப்பாணம் கொக்குவிலில் எங்கள் வீட்டு விறாந்தையில் சனி, ஞாயிறு காலைகளில் சின்னப் பிள்ளைகளுக்கு அபாகஸ், அதாவது மணி கோர்த்த சட்டத்தில் கணக்குப் போடுவது, சொல்லிக் கொடுக்கிறேன். கிழமை நாட்களில் பின்னேரம் ஒரு ரியூசன் நிலையத்தில் தரம் 6, 7 பிள்ளைகளுக்கு விஞ்ஞானம். அபாகஸ் பழகும் வயதையும், அதே பிள்ளைகள் விஞ்ஞானப் புத்தகத்தைத் திறக்கும் வயதையும் இப்படிப் பக்கத்துப் பக்கத்தில் பார்க்கக் கிடைத்ததால்தான் இதை எழுதுகிறேன். பிள்ளையின் தாயிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன், பெயர்களும் பாடசாலையும் வராது.

2022 இல் வகுப்புத் தொடங்கியபோது நானே ஒரு துண்டுப்பிரசுரம் அடித்தேன். அதில் ஒரு வரி: ‘அபாகஸ் பழகும் பிள்ளைக்கு விஞ்ஞானமும் தொழில்நுட்பமும் தானாக வரும்.’ எல்லா வகுப்பும் அப்படித்தான் போடுகிறது, நானும் போட்டேன். அந்தத் ‘தானாக’ என்ற சொல்லைப் பற்றி அப்போது ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

அந்தத் தாளைப் பார்த்து வந்தவர்களில் ஒருத்திதான் இந்தப் பிள்ளை. வரும்போது ஆறரை வயது. தாய் தாதியாக வேலை, தகப்பன் வெளிநாட்டில், வகுப்புக்குக் கூட்டிவருவது அம்மம்மா. தாயின் விருப்பம் முதல் நாளே தெளிவு: ‘இவ எஞ்சினியரா வரோணும் ரீச்சர், அடித்தளத்தை இப்பவே போட்டுவிடுங்கோ.’

நாங்கள் பழக்குவது யப்பானிய வகைச் சட்டம், 13 கம்பி. ஒவ்வொரு கம்பியிலும் நடுச்சட்டத்துக்கு மேலே ஒரு மணி, அதன் பெறுமதி 5, கீழே நாலு மணி, ஒவ்வொன்றும் 1. நாலில் மூன்றைக் கூட்ட வேண்டுமென்றால் கீழே மணி மிச்சமில்லை, ஆகவே மேல் மணியை இறக்கி, கீழே இரண்டைக் கழிப்பார்கள், ஏழு வந்துவிடும். இதற்குப் பிள்ளைகள் ‘சின்ன நண்பர்’ என்பார்கள். எட்டில் ஏழைக் கூட்ட, பக்கத்துக் கம்பியில் ஒரு பத்தை ஏற்றிவிட்டு இங்கே மூன்றைக் கழிப்பது ‘பெரிய நண்பர்’. சில மாதத்தில் சட்டத்தை எடுத்துவிட்டாலும் விரல்கள் மடியில் அசையும், கண் எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கும், விடை வந்துவிடும். 2023 நடுப்பகுதியில், தரம் 3 இல் இருந்த இந்தப் பிள்ளை பத்து வரி இரண்டிலக்கக் கூட்டலை நான் வாசித்து முடித்து மூச்சு விடுவதற்குள் சொல்லிவிடுவாள். பதினொரு பேர் இருந்த வகுப்பில் அவளுக்குக் கிட்ட யாரும் வரமாட்டார்கள்.

நான் தவறவிட்ட முதல் அறிகுறி

2023 ஒக்ரோபரில் தாய் பாடசாலைக் கொப்பியோடு வந்தார், முகம் சரியில்லை. ‘ரீச்சர், ரெண்டு வருசமா அபாகஸ் படிக்கிற பிள்ளைக்கு ஏழு தெரியாதெண்டு பிழை போட்டிருக்கினம்.’

கொப்பியில் எண்சட்டம் கீறச் சொன்ன கேள்வி. பாடசாலை எண்சட்டம் வேறு மாதிரி: நிமிர்ந்த கம்பிகள், ஒன்றுகளின் இடத்தில் ஏழு என்றால் ஏழு மணியும் கோர்க்க வேண்டும். இவள் மேலே ஒன்று, கீழே இரண்டு என்று கீறிவிட்டாள். அவளுக்கு அது ஏழு, வகுப்பு ரீச்சருக்கு அது மூன்று.

நான் அதை ஒரு சிரிப்போடு விட்டுவிட்டேன். ‘அது வேற சட்டம், இது வேற சட்டம்’ என்று பிள்ளைக்கு ஒரு வசனத்தில் சொன்னேன், தாயையும் சமாதானப்படுத்தி அனுப்பினேன். இரண்டு சட்டத்தையும் பக்கத்தில் வைத்து ஒரே எண்ணை இரண்டிலும் போடச் செய்திருந்தால், இவளுக்கு எண் என்பது கைப்பழக்கமாக இருக்கிறதா, பொருளாக இருக்கிறதா என்று அன்றே தெரிந்திருக்கும்.

கவனித்தவை

நவம்பரில் மாரி பிடித்தது. யாழ் குடாநாட்டில் வற்றாத ஆறு என்று ஒன்றில்லை, வழுக்கையாறுகூட மாரிக்கு மட்டும் ஓடுவதுதான், குடிக்கிறது தோய்கிறது எல்லாம் கிணறும் மழையும். அதனால் மழை பெய்தால் பெரியவர்கள் பேச்சும் மழைதான், வகுப்பிலும் அதையே எடுப்போம் என்று ஒரு மழைமானி செய்தோம். சோடாப் போத்தலின் மேல்பகுதியை வெட்டி, கவிழ்த்துப் புனலாக வைப்பது. போத்தலின் அடி தட்டையில்லை, ஆகவே சிறுகல்லும் கொஞ்சம் தண்ணீரும் விட்டு, நேர்ச்சுவர் தொடங்கும் இடத்தில் ஒரு கோடு போட்டு, அதை 0 என்று வைத்துக்கொண்டோம்.

ஐந்து நாள் வாசிப்பு மில்லிமீற்றரில் 14, 0, 36, 7, 22. நான் கடைசி எண்ணைச் சொல்லி முடிக்கும்போதே அவள் ‘79’ என்றாள். சரி. ஆனால் 36 என்பது அவள் தன் முறைக்கு வாசித்தது, நான் போய்ப் பார்த்தால் அடிமட்டத்தைக் கோட்டிலிருந்து பிடிக்காமல் மேசையிலிருந்து பிடித்திருக்கிறாள். கல்லும் அடித்தண்ணீரும் சேர்ந்து மழையாகிவிட்டது. அது எந்தப் பிள்ளைக்கும் நடக்கும், அதற்காக நான் கவலைப்படவில்லை.

கவலைப்பட்டது அடுத்ததற்கு. பக்கத்தில் அகலமான பிஸ்கற் ரின் ஒன்று இருந்தது. ‘இந்தப் போத்தல் தண்ணியை இதுக்குள்ள ஊத்தினா எவ்வளவு உயரம் நிக்கும்?’

‘36 தான் ரீச்சர்.’

‘ரின் அகலமா இருக்கே?’

‘ஓம், ஆனா தண்ணி அதுதானே. 36.’

ஊற்றிக் காட்டினேன், பாதிக்கும் கீழே நின்றது. அவள் ரின்னைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள், நான் ஏதோ தண்ணீரை ஒளித்துவிட்டது மாதிரி. வகுப்பில் கணக்கில் கடைசியில் நிற்கும் ஒரு பெடியன் பின்னாலிருந்து ‘அகலத்துக்குப் பரவிட்டுது’ என்றான்.

அதே கிழமை இன்னொன்று. 3 மீற்றர் கயிறோடு 45 சென்ரிமீற்றர் கயிறைச் சேர்த்தால் நீளம் எவ்வளவு? அவள் 48 என்றாள். 48 என்னவென்று கேட்டேன். ‘மணியில 48 தான் வருது.’

இதற்குப் பிறகுதான் நான் அவளுடைய பழைய பயிற்சித் தாள்களை எடுத்து, பிழைகளை மட்டும் தனியே எழுதினேன். பிழை குறைவுதான், ஆனால் ஒரு ஒழுங்கு இருந்தது: 63 வரவேண்டிய இடத்தில் 68, 41 க்குப் பதில் 46. ஐந்தால் பிசகும் பிழை, அதாவது மேல் மணி ஒன்று மனதில் இறங்காமலோ ஏறாமலோ நின்றுவிட்டது. தாய்வான் பிள்ளைகளை வைத்து ஜேம்ஸ் ஸ்டிக்லர் 1984 இல் எழுதிய ஆய்வில் இதே வகைப் பிழையைத்தான் சொல்கிறார், அவர்கள் உண்மையிலேயே மனதில் ஒரு சட்டத்தைப் பார்க்கிறார்கள் என்பதற்கு அது சாட்சி. எனக்கு அதில் இன்னொன்றும் தெரிந்தது. 63 வரவேண்டிய இடத்தில் 68 வந்தால் ‘கொஞ்சம் கூடிப்போச்சே’ என்று அவளுக்குத் தோன்றுவதில்லை. சட்டம் சொன்னால் சொன்னதுதான்.

எடுத்த முடிவுகளும் காரணமும்

அந்தக் கிழமை இரவிரவாக வாசித்தேன். இந்தியாவின் வடோதராவில் 204 பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து மூன்று வருடம் நடத்திய ஆய்வு ஒன்று, டேவிட் பார்னரும் கூட்டாளிகளும் 2016 இல் வெளியிட்டது. அபாகஸ் பழகிய பிள்ளைகள் கணக்கில் மற்றவர்களைவிட முன்னேறினார்கள், ஆனால் நினைவாற்றல் போன்ற பொதுவான திறன்கள் கூடவில்லை. முதலிலேயே இடங்களை மனதில் வைத்திருக்கும் திறன் நல்லாக இருந்த பிள்ளைகளுக்குத்தான் கூடப் பலன். இதற்கு முன் 1983 இல் யப்பானில் ஹதானோவும் ஒசாவாவும் பார்த்ததும் இதற்கு ஒத்துப்போகிறது: அபாகஸ் வல்லுநர்கள் நீண்ட இலக்கத் தொடரை அநாயாசமாக ஞாபகம் வைப்பார்கள், எழுத்துகளோ பழங்களின் பெயர்களோ கொடுத்தால் நம்மைப் போலத்தான்.

ஆக, என் துண்டுப்பிரசுரம் சொன்ன ‘தானாக’ இல்லை. அபாகஸ் கொடுப்பது எண்ணோடு பயமில்லாத கை, இடப்பெறுமானம் பற்றிய உறுதியான படம், அரை மணித்தியாலம் அசையாமல் கேட்கும் பழக்கம். விஞ்ஞானத்துக்கு இதெல்லாம் வேண்டும்தான். ஆனால் விஞ்ஞானம் தொடங்குவது எண் வருவதற்கு முன்னால், எதை அளக்கிறோம், எங்கிருந்து அளக்கிறோம், எந்த அலகில் என்ற இடத்தில். அந்தப் பாலத்தை ஆராவது கட்ட வேண்டும், நான் கட்டவில்லை.

முதல் முடிவு, இந்தப் பிள்ளையின் அடுத்த அபாகஸ் நிலைப் பரீட்சையை மூன்று மாதம் தள்ளிப்போட்டது. வேகம் கூடக்கூட யோசிக்காத பழக்கமும் இறுகும் என்று பயந்தேன். தாயிடம் இதைப் பேசிவிட்டுச் செய்திருக்க வேண்டும், செய்துவிட்டுச் சொன்னேன், அவருக்குக் கோபம் வந்தது, நியாயமான கோபம்.

இரண்டாவது, முக்கால் மணித்தியால வகுப்பில் 25 நிமிடம் மட்டும் மணி, மிச்சம் 20 நிமிடம் அளவை. ஒரே ஒரு விதி: முதலில் மதிப்பிட்டுச் சொல், அப்புறம் அள, அப்புறம்தான் மணி. ஒரு சுண்டு அரிசி எத்தனை கிராம், விறாந்தை எத்தனை மீற்றர், எல்லாமே. மதிப்பீட்டைக் கொப்பியில் பேனையால் எழுத வேண்டும், அழிக்கக் கூடாது. அவளுக்கு இது வேப்பங்காய். பிழைவிட்டுப் பழக்கமில்லாத பிள்ளை, அரிசிக்கு ‘1000 கிராம்’ என்று எழுதிவிட்டு, தராசைப் பார்த்ததும் கொப்பியைக் கையால் மறைத்தாள்.

மூன்றாவது முடிவுதான் கைகொடுத்தது என்று நினைக்கிறேன்: அலகையும் சட்டத்திலேயே காட்டுவது. யப்பானியச் சட்டத்தின் நடுச்சட்டத்தில் மூன்று கம்பிக்கு ஒரு புள்ளி இருக்கும், ஒன்றுகளின் இடத்தை அதில் வைப்பார்கள். பிள்ளைகள் அதைக் கவனிப்பதே இல்லை. ‘இந்தப் புள்ளிக் கம்பி சென்ரிமீற்றர். மீற்றர் எங்க இருக்கும்?’ ஒரு மீற்றர் 100 சென்ரிமீற்றர், ஆகவே இடப்பக்கம் இரண்டு கம்பி தள்ளி. மூன்றை அங்கே போட்டு, 45 ஐ இங்கே போட்டதும் 345 என்று சட்டமே சொன்னது. மில்லிமீற்றர் வலப்பக்கம் ஒரு கம்பி. அலகு மாற்றுவதென்றால் பெருவிரலை ஒரு கம்பி நகர்த்துவது, அவ்வளவுதான். மெற்றிக் முறையும் சட்டமும் பத்தின் மேல் கட்டியவை என்பதால் இது பொருந்துகிறது, நேரத்துக்கு, அதாவது 60 நிமிடத்துக்கு, இது வேலை செய்யாது என்பதையும் அவர்களே கண்டுபிடித்தார்கள்.

கம்பிக்கு ஒரே ஒரு மணியை மட்டும் பாவித்து 1, 2, 4, 8, 16 என்று பெறுமதி வைத்து, ஐந்து கம்பியில் 31 வரை எண்ணும் விளையாட்டும் செய்தோம், கணினி இப்படித்தான் இருக்கு–இல்லை என்று எண்ணுகிறது என்று சொல்லிக்கொண்டு. அது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இந்தப் பிள்ளைக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை, பக்கத்துப் பெடியன்தான் அதோடு கிடந்தான்.

கிணறு

நவம்பர் கடைசியில் வீட்டுக் கிணற்றை அளக்கத் தொடங்கினோம். கட்டின் மேல் விளிம்பிலிருந்து தண்ணீர் மட்டம் வரை, நுனியில் இரும்புத் துண்டு கட்டிய கயிறு. முதலில் தும்புக் கயிறு, நனைந்ததும் நீளம் மாறிவிடுகிறது என்று கண்டு நைலோனுக்கு மாறினோம். கயிறு பிடிப்பது நான் மட்டும், பிள்ளைகள் கட்டுக்கு ஒரு எட்டுத் தள்ளி நின்று வாசிப்பார்கள். அம்மம்மாவுக்கு இது பெரிய வேடிக்கை: ‘மாரிக்குக் கிணறு ஏறும், கோடைக்கு இறங்கும், இதுக்கு ஒரு கயிறோ பிள்ளை?’

‘எவ்வளவு ஏறும் எண்டு சொல்லுங்கோ பாப்பம்’ என்றாள் பேத்தி. அம்மம்மா சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்தார்.

டிசெம்பரில் ஒரு சனிக்கிழமை 312 சென்ரிமீற்றர், அடுத்த சனி 268. அவளுக்கு முதலில் இதுவே பிடிபடவில்லை, தண்ணீர் கூடியிருக்கு, எண் ஏன் குறைகிறது? கட்டிலிருந்து கீழ்நோக்கி அளக்கிறோம் என்பதை நான் சொல்லவில்லை, அவள் கையை நெற்றியில் வைத்துக் கீழே இறக்கி, மேலே ஏற்றி, இரண்டு மூன்று தரம் செய்து தானே பிடித்துக்கொண்டாள். வித்தியாசம் 44, அது மடியில் விரல் அசைவோடு உடனே வந்தது.

அப்புறம் மழைக் கொப்பியைத் திருப்பினாள். அந்த ஏழு நாளும் 18, 5, 0, 27, 9, 0, 16, மொத்தம் 75. ‘மழை 75, கிணறு 44, மழைதான் கூட’ என்றாள். சொல்லிவிட்டு நின்றாள். பெருவிரல் மடியில் ஒரு கம்பி நகர்ந்ததை நான் கண்டேன். ‘இல்ல, இது மில்லிமீற்றர். ஏழரை. ரீச்சர், மழை ஏழரைதானே பெய்தது, கிணறு ஏன் நாப்பத்திநாலு ஏறினது?’

என்னிடம் உடனே பதில் இல்லை, உண்மையில் நானே அந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. கிட்டத்தட்ட ஆறு மடங்கு. அடுத்த நாள் இரண்டு ஒரே அளவு ஜாம் போத்தல் எடுத்து, ஒன்றில் சல்லிக்கல் நிரப்பி, மற்றதை வெறுமையாக விட்டு, இரண்டிலும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றினோம். கல் உள்ள போத்தலில் இரண்டு மடங்குக்கும் மேலே போய் நின்றது. எங்கள் நிலத்துக்குக் கீழே சுண்ணக்கல், மழை அதன் இடுக்குகளையும் ஓட்டைகளையும்தான் நிரப்புகிறது, இடம் குறைவென்றபடியால் மட்டம் கூட ஏறுகிறது. வழிந்து ஓடியதும் ஆவியானதும் பக்கத்துத் தோட்டத்துக்கு இறைத்ததும் கணக்கில் இல்லை, அதையும் சொன்னேன். அவள் சல்லிக்கல் போத்தலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ‘பிஸ்கற் ரின்னில அகலம் கூட, இதில இடம் குறைய’ என்றாள். ஒரு மாதத்துக்கு முன்னைய ரின்னை நான் மறந்துவிட்டிருந்தேன்.

அந்த ரின்னில் இன்னொரு மிச்சமும் இருந்தது. போத்தலையும் ரின்னையும் மழையில் பக்கத்தில் வைத்தால் இரண்டிலும் ஒரே உயரம்தான் நிற்கும், ஒன்றிலிருந்து மற்றதில் ஊற்றினால்தான் மாறும். ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு சதுர மீற்றருக்கு ஒரு லீற்றர், பாத்திரம் எதுவானாலும். மற்றப் பிள்ளைகள் இதில் ஒரு கிழமை முழுக்கச் சண்டை பிடித்தார்கள்.

பின்னர் நடந்தவை

2024 மார்ச்சில் நிலைப் பரீட்சை எழுதினாள், சித்தி, ஆனால் எடுத்த நேரம் முன்னைய நிலையைவிடக் கூட. ஐந்தால் பிசகும் பிழை குறைந்திருந்தது, விடையை எழுதுமுன் ஒரு கணம் நிற்கிறாள், நேரம் அங்கேதான் போகிறது. பாடசாலைக் கணிதப் புள்ளியில் பெரிய மாற்றமில்லை, அது ஏற்கெனவே உயரம்தான்.

வகுப்பிலிருந்து இரண்டு பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். ஒரு தாய் நேரே கேட்டார்: ‘கிணறு அளக்கவோ ரீச்சர் நாங்கள் காசு கட்டுறம்?’ என்னிடம் அவருக்கு ஏற்ற பதில் இருக்கவில்லை. பிள்ளையின் தாய் விடவில்லை, ஆனால் பரீட்சை தள்ளிப்போனதை இன்றைக்கும் சொல்லிக்காட்டுவார்.

இவள் மாறியது இந்த 20 நிமிடத்தாலா, அல்லது எட்டு வயது எட்டரை வயதானதாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஒரு பிள்ளை, ஒரு மாரி, ஒரு கிணறு. ஆனால் தரம் 6 விஞ்ஞான வகுப்பில் அபாகஸ் படித்து வந்த பிள்ளைகளை இப்போது வேறு கண்ணால் பார்க்கிறேன்: தசமத்தைக் கண்டு பயப்படாதவர்களும் அவர்கள்தான், விடைக்குப் பக்கத்தில் அலகு எழுதாதவர்களும் பெரும்பாலும் அவர்கள்தான்.

மாற்றியவை, மாற்ற வேண்டியவை

அளவைப் பகுதியை இப்போது முதல் மாதத்திலேயே தொடங்குகிறேன், வேகம் வந்த பிறகு புகுத்தினால் பிள்ளைக்கு அது தண்டனை மாதிரித் தெரிகிறது. பாடசாலை எண்சட்டம் ஒன்றும் விறாந்தையில் நிற்கிறது, புதுப் பிள்ளை வந்தால் ஒரே எண்ணை இரண்டிலும் போட்டுக் காட்ட வேண்டும். பிழைகளைப் புள்ளியாக மட்டும் குறிக்காமல், என்ன விடை வந்தது என்பதையும் எழுதி வைக்கிறேன். எதையாவது தள்ளிப்போடுவதென்றால் தாய் தகப்பனோடு முதலே பேச்சு.

துண்டுப்பிரசுரத்தில் அந்தத் ‘தானாக’ வரியை முழுக்க வெட்டினேன். அச்சகக்காரர் ‘இடம் வெறுமையாக் கிடக்கு ரீச்சர்’ என்றார், அங்கே ஒரு அபாகஸ் படம் போடுங்கோ என்றேன். அடித்து வந்ததைப் பார்த்தால் மேலே இரண்டு மணி, கீழே ஐந்து மணி, சீனச் சட்டம். 500 தாள். பதினொரு பேரில் மிஞ்சிய ஒன்பது பேரிடமும் கொடுத்து, பிழை எங்கே என்று கேட்டேன், இவள் பார்த்தவுடன் சொல்லவில்லை, ஒவ்வொரு கம்பியாக எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொன்னாள்.